இருமுறை திரும்பிச் சென்றவர்

நுழையும்முன்

பாரம் சுமப்பவர் களைப்படைவது இயல்பு. அக்களைப்பை அவர் ஒருவரே போக்கிக்கொள்ள வேண்டுமா? அல்லது உடனிருப்போருக்கும் மேலிருப்போருக்கும் அதில் பங்கு உண்டா? குழுவை நடத்துவோரும் குழுவில் உழைப்போரும் உள்ளம் தளர்ந்து போகாமல் காக்கும் வழியை, இந்திய விண்வெளி வரலாற்றில் தோல்வி நேர்ந்த ஒரு நாள் நமக்குக் காட்டுகிறது. அந்நாளைப் பற்றியது இப்பாடம்.

1. உலோகம் அறிந்த ஒருவர்

செகந்திராபாத்தின் மாரெட்பள்ளியிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் சில கிலோமீட்டர் தொலைவில் மௌலாலி வரும். அதனை ஒட்டிய பகுதியில் அணு எரிபொருள் வளாகம் அமைந்துள்ளது. நாட்டின் அணுமின் நிலையங்களுக்கு வேண்டிய எரிபொருள் இங்கே உருவாக்கப்படுகிறது. ஐதராபாத்தின் தென்பகுதியாகிய கஞ்சன்பாக்கில், மக்கள் 'மிதானி' என்று சுருக்கமாக அழைக்கும் மிஸ்ர தாது நிகம் என்னும் உலோகக் கலவை ஆலை இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் இவ்விரு நிறுவனங்களும் உருப்பெற்ற காலத்தில் அவற்றுக்காகப் பெரிதும் உழைத்தவர் பிரம்ம பிரகாஷ் என்னும் உலோகவியல் அறிஞர்.

பிரம்ம பிரகாஷ் 1912ஆம் ஆண்டு லாகூரில் பிறந்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உலோகவியல் துறைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் அவர். பின்னர் அணு ஆற்றல் துறையில் பணியாற்றினார். 1972ஆம் ஆண்டு திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநரானார்.

அம்மையத்தில் அப்போது ஓர் அரிய முயற்சி நடந்துகொண்டிருந்தது. செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்தக்கூடிய ஏவுகலம் ஒன்றை இந்தியா முதன்முறையாகத் தானே உருவாக்க முனைந்தது. எஸ்.எல்.வி.-3 என்பது அதன் பெயர். அத்திட்டத்தின் இயக்குநர், இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக விளங்கியவர் சதீஷ் தவான்.

திட்டத்தின் சுமை கலாமின் தோள்மேல் இருந்தது. கலாமைப் போன்றோர் பலரை வழிநடத்தும் பொறுப்பு பிரம்ம பிரகாஷிடம் இருந்தது. அனைத்துக்கும் நாட்டு மக்களிடம் விடை கூற வேண்டியவராகத் தவான் இருந்தார்.

2. ஏவுதளத்தில் ஒரு காலை

1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள். காலை 7 மணி 58 நிமிடம். வங்கக் கடலோரத்தில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 மேலெழுந்தது. அதன் எடை 17 டன். அது நான்கு அடுக்குகளைக் கொண்டது. முதல் அடுக்கு எரிந்து முடிந்ததும் கழன்று விழும். இரண்டாம் அடுக்கு எஞ்சிய கலத்தைத் தாங்கிச் செல்லும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அடுக்குகளும் தத்தம் பங்கைச் செய்தால்தான் செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடையும்.

முதல் அடுக்கு குறைவின்றித் தன் வேலையை முடித்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பிலோ பழுது ஏற்பட்டது. அவ்வமைப்புக்குத் தேவையான நைட்ரிக் அமிலம் முன்பே கசிந்து வெளியேறியிருந்தது. ஏவுகலம் நெறி தவறியது. புறப்பட்ட 317 நொடிகளில் அப்பயணம் முடிந்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 560 கிலோமீட்டர் தொலைவில் கலத்தின் எஞ்சிய பகுதிகள் கடலில் விழுந்தன.

பல ஆண்டுகளின் உழைப்பு சில நிமிடங்களில் கடலுக்குள் மறைந்தது. திட்டத்தில் பங்கேற்ற ஒவ்வொருவர் உள்ளத்திலும் 'என் பகுதியில்தான் பிழையோ?' என்னும் ஐயம் எழுவது இயல்பே. திட்ட இயக்குநரின் நிலையோ அதனினும் கொடிது. அவர் எல்லாப் பகுதிகளுக்கும் பொறுப்பானவர் அல்லவா?

3. அந்தப் பிற்பகல்

ஏவுதலுக்கு முந்தைய நாள்களின் இடைவிடாத பணியால் கலாம் உடலாலும் உள்ளத்தாலும் களைத்திருந்தார். தோல்விக்குப் பின் தம் அறைக்குச் சென்றவர், படுக்கையில் சாய்ந்து உறங்கிப் போனார். யாரோ தோளில் மெல்லக் கை வைப்பதை உணர்ந்து விழித்தபோது பிற்பகல் கழிந்து மாலை நெருங்கிக்கொண்டிருந்தது. படுக்கையருகே பிரம்ம பிரகாஷ் அமர்ந்திருந்தார். உணவருந்தச் செல்லலாமா என்று கேட்டார்.

பிரம்ம பிரகாஷ் அதற்கு முன்பே இருமுறை அறைக்கு வந்தார் என்பதைக் கலாம் பிறகுதான் அறிந்தார். இருமுறையும் கலாம் உறங்குவதைக் கண்டு, எழுப்ப மனமின்றித் திரும்பிச் சென்றிருந்தார். தாமும் உண்ணாமல் அதுவரை காத்திருந்தார். இருவரும் சேர்ந்து உணவருந்தினர். அவ்வுணவு வேளையில் பிரம்ம பிரகாஷ் பல பொதுச் செய்திகளைப் பேசினார். ஏவுகலத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் பேசவில்லை. இந்நிகழ்ச்சியைக் கலாம் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் நன்றியுடன் நினைவுகூர்கிறார்.

இங்கே ஒன்றை நுணுகி நோக்க வேண்டும். பிரம்ம பிரகாஷ் அன்று செய்தவை மிக எளியவை. ஒருவரை உறங்கவிட்டார், அவர் உண்ணும்வரை தாம் உண்ணாதிருந்தார், பேச வேண்டாததைப் பேசாதிருந்தார். இவற்றுக்குப் பணமோ ஆணையோ தேவைப்படவில்லை. ஆயினும், இவ்வளவையும் செய்வதற்கு ஒரு தலைவர் தம் பதற்றத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். அம்மையத்தின் இயக்குநர் என்ற முறையில் தோல்வி அவரையும் வருத்தியிருக்கும். எனினும், விளக்கம் கேட்பதற்காக அவர் உறங்குபவரை எழுப்பவில்லை.

4. ஆறுதல் அன்று, ஆய்வு மறுநாள்

அன்பு காட்டினால் பிழை மறைந்துவிடுமா? மறையாது. ஆகவே, மறுநாள் ஆய்வுக் கூட்டம் கூடியது. அறிவியலறிஞர் பலர் கலந்துகொண்டனர். என்ன நேர்ந்தது என்பதை ஒவ்வொருவரும் தம் துறை சார்ந்து விளக்கினர். அப்போது கலாம் எழுந்தார். இறுதி நேரத்தில் கண்டறியப்பட்ட கசிவைப் பெரிதன்று என்று கருதி ஏவுதலைத் தொடர்ந்த முடிவுக்குத் தாமே பொறுப்பு என்று அவையில் கூறினார்.

தோல்வியுற்ற நாளில் ஆறுதலும், மறுநாள் ஆய்வும் நடந்தன. இவ்வரிசை மாறியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? களைத்தவரை அன்றே கூண்டில் நிறுத்தி வினவினால், அவர் தம்மைக் காத்துக்கொள்ளவே முயல்வார். உறங்கி, உண்டு, 'நாம் தனித்து விடப்படவில்லை' என்று தேறியவரே தம் பிழையை அஞ்சாமல் ஒப்புக்கொள்ள இயலும்.

தவானின் பங்கும் நினைக்கத்தக்கது. 1979இல் தோல்விக்குப் பின் செய்தியாளர் கூட்டத்தில் அவரே பேசினார். தோல்வியின் பழியைத் தாம் ஏற்றார். தம் குழுவினர்மீது நம்பிக்கை உண்டு என்றார். அடுத்த முயற்சியில் வெல்வோம் என்றார். 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 மீண்டும் பறந்தது. 35 கிலோகிராம் எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று செய்தியாளர்களைச் சந்திக்குமாறு கலாமைத் தவான் பணித்தார். பழி வந்தபோது முன்னே நின்றவர், புகழ் வந்தபோது பின்னே ஒதுங்கினார். கலாம் பிற்காலத்தில் இளைஞரிடையே பேசும்போதெல்லாம் தலைமைப் பண்புக்கு எடுத்துக்காட்டாக இதனையே கூறினார்.

5. களைப்பு வேறு, பணிச்சோர்வு வேறு

கடுமையாக உழைத்தவர் களைப்படைகிறார். ஓர் இரவு நன்றாக உறங்கினால் அக்களைப்பு நீங்கும். ஆனால், உறங்கி எழுந்தும் நீங்காத ஒரு தளர்ச்சி உண்டு. ஆங்கிலத்தில் அதனைப் 'பர்ன்அவுட்' என்பர். இப்பாடத்தில் அது பணிச்சோர்வு என்று குறிக்கப்படுகிறது.

ஏவுகல அறிவியலிலும் 'பர்ன்அவுட்' என்னும் சொல் வழங்குகிறது. ஓர் அடுக்கின் எரிபொருள் முழுதும் தீர்ந்து, பொறி அடங்கும் நேரத்தை அது குறிக்கும். எரிந்து முடிந்த அடுக்கைக் கழற்றிக் கடலில் விடுவதே ஏவுகலத்தின் அமைப்பு. மனிதரை அவ்வாறு கழற்றிவிடுதல் தகாது. அவர்தம் எரிபொருள் தீருமுன் நிரப்பப்பட வேண்டும்.

1974ஆம் ஆண்டு ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்னும் உளவியல் மருத்துவர் இச்சொல்லை மனித உள்ளத்துக்குப் பயன்படுத்தி எழுதினார். நியூயார்க் நகரில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டாற்றியவர்களை அவர் கண்டிருந்தார். கூலிக்காக அன்றி ஆர்வத்தால் வந்தவர்கள் அவர்கள். மிகுந்த ஈடுபாட்டுடன் தொடங்கியோரே நாளடைவில் வெறுமையடைந்தனர். சோம்பலின் விளைவன்று பணிச்சோர்வு. பெரும்பாலும் அது ஆர்வமுள்ளோரைத்தான் பற்றுகிறது என்பதை இதனால் அறியலாம்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் பணிச்சோர்வுக்கு வரையறை தந்தது. அது ஒரு நோயன்று. பணியிடத்தில் நெடுங்காலம் தொடர்ந்து, சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவு என்று கூறியது. அதற்கு மூன்று அடையாளங்களையும் காட்டியது. ஆற்றல் வற்றிப்போதல் முதலாவது. முன்பு விரும்பிய வேலையின்மீதே கசப்பும் விலகலும் தோன்றுதல் இரண்டாவது. 'என்னால் ஒன்றும் முடியவில்லை' என்று செயல்திறன் குன்றுதல் மூன்றாவது.

இதற்குக் காரணம் வேலையின் அளவு மட்டும்தானா? அன்று என்கிறார் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர். அவரும் மைக்கேல் லெய்ட்டர் என்பவரும் ஆறு கூறுகளை எடுத்துரைத்தனர். வேலைச்சுமை, தம் வேலையைத் தாமே நெறிப்படுத்தும் உரிமை, உழைப்புக்கேற்ற பாராட்டு, உடன்பணியாளரின் உறவு, நேர்மையான நடத்தை, வேலையின் நோக்கத்தோடு மனம் ஒன்றுதல் என்பன அவை. இவற்றுள் எது குறைந்தாலும் சோர்வு எளிதில் புகும்.

1979ஆம் ஆண்டின் நிகழ்ச்சியை இவ்வாறு கூறுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏவுகலம் உருவாக்கும் வேலை எளிதாகிவிடவில்லை. மறு முயற்சிக்கும் அதே உழைப்புத் தேவைப்பட்டது. ஆயினும், பிரம்ம பிரகாஷ் உறவைக் காத்தார். தவான் பழியைப் பங்கிட்டதில் நேர்மையையும், புகழைப் பங்கிட்டதில் பாராட்டையும் காத்தார். சுமையைக் குறைக்க முடியாத இடத்திலும் சுமப்பவரைக் காக்க முடியும் என்பதே இதில் நாம் கற்பது.

6. ஆறவிடுதல்

பிரம்ம பிரகாஷ் கற்ற உலோகவியலிலும் இக்கருத்துக்கு இணையான ஓர் உண்மை உண்டு. ஒரே முறை ஏற்றினால் உலோகத்தை முறிக்காத பாரம், பல்லாயிரம் முறை ஏற்றி இறக்கப்படும்போது அதனை முறித்துவிடும். முதலில் கண்ணுக்குத் தெரியாத சிறு வெடிப்புத் தோன்றும். அது மெல்ல வளரும். ஒருநாள் முன்னறிவிப்பின்றி உலோகம் பிளக்கும். இதனை உலோகக் களைப்பு என்பர். 1954ஆம் ஆண்டில் 'காமெட்' என்னும் பயணியர் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறின. ஒவ்வொரு பயணத்திலும் விமானத்தினுள் காற்றழுத்தம் ஏறி இறங்கியதால் அதன் உலோகத் தகடு களைத்துப் போனதே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது.

திருவள்ளுவர் 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தில் இத்தகைய ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். மயிலிறகு மெல்லியது. ஆயினும், அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது அவர் கருத்து. முறிவுக்குக் காரணம் ஒரு பெரிய பாரமாக இருக்க வேண்டியதில்லை. 'இது சிறியதுதானே' என்று எண்ணி ஒருவர் தலையில் ஏற்றப்படும் பல வேலைகளும் அதனைச் செய்யும்.

அடித்து இறுகிய உலோகத்தைக் கொல்லர் என்ன செய்கிறார்? மீண்டும் சூடேற்றி, மெல்ல ஆறவிடுகிறார். அவ்வாறு ஆறும்போது உள்ளே தங்கிய இறுக்கம் தளர்கிறது. உலோகம் மறுபடியும் வளையும் தன்மை பெறுகிறது. ஆறவிடும் நேரம் அவர் தொழிலின் ஒரு பகுதி. அதனை வீண்பொழுது என்று அவர் கருதுவதில்லை. ஓய்வும் அத்தகையதே. வேலை முடிந்தபின் எஞ்சினால் கிடைக்கும் பொருளாக அதனை எண்ணாமல், வேலைத் திட்டத்திலேயே அதற்கு இடம் ஒதுக்குவது அறிவுடைமை.

7. ஐதராபாத்தில் தொடர்ந்த மரபு

பெற்றதைப் பிறர்க்குத் தருவதே நன்றியின் நிறைவு. 1982ஆம் ஆண்டு கலாம் ஐதராபாத்துக்கு வந்தார். கஞ்சன்பாக்கில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு ஆய்வகத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்றார். 1983இல் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. பிருத்வி, அக்னி, திரிசூல், ஆகாஷ், நாக் என ஐந்து ஏவுகணைகள் அதில் அடங்கின. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு திட்ட இயக்குநர் அமர்த்தப்பட்டார். எல்லா முடிவுகளும் ஒருவர் மேசையில் குவியாதவாறு பொறுப்புகள் பகிரப்பட்டன.

1989ஆம் ஆண்டு அக்னி ஏவுகணைக்குச் சோதனை வந்தது. ஒடிசாவின் சண்டிப்பூரில் ஏப்ரல் 20ஆம் நாள் நடைபெறவிருந்த ஏவுதல், இறுதி நொடிகளில் நிறுத்தப்பட்டது. மே 1ஆம் நாளும் அவ்வாறே நேர்ந்தது. நாளிதழ்கள் கேலிச்சித்திரங்கள் வெளியிட்டன. பத்து ஆண்டுகளுக்கு முன் தோல்வியின் வலியை அறிந்த கலாம், இப்போது தலைவரின் இடத்தில் இருந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளரை ஒன்றுகூட்டிப் பேசினார். எஸ்.எல்.வி.-3 தோல்வியையும், அதிலிருந்து மீண்ட வரலாற்றையும் அவர்களுக்கு நினைவூட்டினார். எவரையும் பழிக்கவில்லை. மே 22ஆம் நாள் அக்னி வெற்றியுடன் பறந்தது.

பிரம்ம பிரகாஷ் அதனைக் காண உயிருடன் இல்லை. 1984ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அவர் மறைந்தார். ஆயினும், அவர் படுக்கையருகே அமர்ந்து கற்பித்த பாடம் அவர் வளர்த்த நகரிலேயே தொடர்ந்தது.

8. தேரும் முட்டுக்கட்டையும்

தலைமை என்பது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. மாரெட்பள்ளியில் பல தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்குள்ள மாணவர்கள் பொங்கல் விழா ஒன்றை நடத்துவதாகக் கொள்வோம். நன்றாகத் தமிழ் எழுதத் தெரிந்த மாணவி ஒருத்தி குழுத்தலைவி ஆகிறாள். நாடகத்தை அவளே எழுதுகிறாள். மற்றவர்க்குத் தமிழ் வாசிக்கத் தடுமாற்றம் என்பதால் ஒவ்வொருவர் உரையையும் அவளே சொல்லிக்கொடுக்கிறாள். அழைப்பிதழ், கோலம், மேடைப் பேச்சு ஆகிய அனைத்தும் அவளிடமே வந்து சேர்கின்றன. முதல் வாரம் மகிழ்ச்சியுடன் செய்கிறாள். மூன்றாம் வாரம் தோழியரிடம் சினந்து பேசுகிறாள். விழா முடிந்ததும், 'இனி இதில் தலையிடமாட்டேன்' என்கிறாள். மறு ஆண்டு விழாவை நடத்த ஆளில்லை.

அவளிடம் குறையில்லை, வேலையைப் பிரித்த முறையில்தான் குறை. திறமை உள்ளவரிடமே எல்லாவற்றையும் தருவது எளிது. ஆனால், அது அத்திறமையையே அழித்துவிடும். மற்றவர்க்கும் கற்கும் வாய்ப்பு இல்லாமல் போகும். தடுமாறி வாசிப்பவனிடம் இரண்டு வரிகளையேனும் ஒப்படைத்தால், அடுத்த ஆண்டு அவன் இருபது வரிகள் பேசுவான்.

தமிழ்நாட்டில் கோயில் தேரை ஊர் கூடி இழுப்பர். வடம் பிடிப்போர் பலர். தேர்ச் சக்கரத்தின் அருகே சிலர் மரக்கட்டைகளோடு நடப்பர். தேர் விரைந்து ஓடும்போதும் திருப்பத்தில் திரும்ப வேண்டும்போதும் அவர்கள் அக்கட்டையைச் சக்கரத்தின் அடியில் இடுவர். அதற்கு முட்டுக்கட்டை என்று பெயர். பேச்சு வழக்கில் இச்சொல் தடை என்னும் பொருளில் வழங்குகிறது. ஆனால், முட்டுக்கட்டை இல்லாத தேர் நிலைக்கு வந்து சேராது. 'இன்று இவ்வளவு போதும், நாளை தொடர்வோம்' என்று ஒரு குழுவில் சொல்பவர், தேருக்கு முட்டுக்கட்டை இடுபவரைப் போன்றவர். அவரைச் சோம்பேறி என்று எள்ளுதல் தவறு.

தலைவருக்கும் சோர்வு வரும். அதனை மறைப்பது வீரமன்று. 'எனக்கு உதவி வேண்டும்' என்று தலைவர் கேட்கும் குழுவில், மற்றவரும் அச்சமின்றிக் கேட்பர். தலைவர் இரவெல்லாம் விழித்து வேலை செய்தால், சொல்லாமலே மற்றவரும் அவ்வாறு செய்ய வேண்டிய கட்டாயம் பிறக்கும்.

தோற்றுத் திரும்பும் விளையாட்டு அணியிடமும், மதிப்பெண் குறைந்து வரும் தம்பியிடமும், இரவில் தாமதமாக வீடு திரும்பும் தந்தையிடமும் தாயிடமும் நாம் முதலில் கேட்பது எது? 'ஏன் இப்படி ஆயிற்று?' என்பதா? 'சாப்பிட்டீர்களா?' என்பதா? இரண்டும் கேட்கத்தக்கவையே. எதை முதலில் கேட்பது என்பதை 1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாளின் பிற்பகல் நமக்குச் சொல்கிறது.

சொற்பொருள்

ஏவுகலம் – செயற்கைக்கோளை விண்ணுக்குக் கொண்டு செல்லும் ஊர்தி
உலோகவியல் – உலோகங்களைப் பற்றிய அறிவியல்
நெறி தவறுதல் – செல்ல வேண்டிய வழியிலிருந்து விலகுதல்
நுணுகி நோக்குதல் – கூர்ந்து ஆராய்ந்து பார்த்தல்
வெறுமை – ஒன்றுமில்லாத நிலை
அச்சு – வண்டிச் சக்கரங்களை இணைக்கும் தண்டு
வடம் – தேர் இழுக்கும் பெருங்கயிறு
நிலை – தேர் வந்து நிற்கும் இடம்
எள்ளுதல் – இகழ்தல்

மதிப்பீடு

அ. பொருத்துக.

1. சதீஷ் தவான் – மே 22, 1989
2. ரோகிணி – உலோகவியல்
3. பிரம்ம பிரகாஷ் – செய்தியாளர் கூட்டம்
4. அக்னி – ஜூலை 18, 1980

ஆ. சரியா, தவறா எனக் கூறித் தவறாயின் திருத்தி எழுதுக.

1. எஸ்.எல்.வி.-3 இன் முதல் அடுக்கில் பழுது ஏற்பட்டது.
2. பணிச்சோர்வு ஒரு நோய் என உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்தது.
3. ஏவுகலத் தோல்வி பற்றிய ஆய்வுக் கூட்டம் மறுநாள் நடைபெற்றது.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பிரம்ம பிரகாஷ் ஐதராபாத்தின் எந்த இரு நிறுவனங்களுக்காக உழைத்தார்?
2. பணிச்சோர்வின் மூன்று அடையாளங்கள் யாவை?
3. உலோகக் களைப்பு என்றால் என்ன?

ஈ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. தவான் பழியையும் புகழையும் எவ்வாறு பங்கிட்டார்?
2. ஓய்வைக் கொல்லரின் 'ஆறவிடுதலோடு' ஒப்பிடுவது ஏன் பொருந்தும்?

உ. சிந்தித்து எழுதுக.

'சுமையைக் குறைக்க முடியாத இடத்திலும் சுமப்பவரைக் காக்க முடியும்.' இக்கருத்தை ஏற்கிறீர்களா? சுமையையே குறைக்க வேண்டிய சூழல்களும் உண்டா? உம் வீட்டிலோ பள்ளியிலோ கண்ட ஒன்றைக் கொண்டு விளக்குக.

மொழியை ஆள்வோம்

1. பிரித்து எழுதுக: பணிச்சோர்வு, வேலைச்சுமை, படுக்கையருகே, அக்களைப்பு.

2. செயப்பாட்டு வினைத் தொடராக மாற்றுக: கொல்லர் உலோகத்தைச் சூடேற்றினார்.

3. தோள் கொடுத்தல், முட்டுக்கட்டை போடுதல் ஆகிய மரபுத்தொடர்களைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக. இவற்றுக்கு இணையான தெலுங்கு அல்லது இந்தித் தொடர் தெரியுமாயின் வகுப்பில் கூறிப் பொருளை ஒப்பிடுக.

செயல்பாடு

நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, பள்ளியில் நடத்தவிருக்கும் ஒரு விழாவுக்கு வேலைப் பட்டியல் ஒன்றை உருவாக்குக. யார், எதை, எந்நாளில் செய்வார் என்பதோடு, ஒவ்வொருவருக்கும் ஓய்வு நாள் எது என்பதையும் அதில் குறிப்பிடுக. ஒருவரால் வர இயலாமற்போனால் அவர் வேலையை யார் ஏற்பார் என்பதையும் எழுதுக. பட்டியலை வீட்டில் உள்ள பெரியோரிடம் காட்டி, அவர்தம் பணியிடத்தில் வேலைகள் எவ்வாறு பகிரப்படுகின்றன என்று கேட்டறிந்து, மறுநாள் வகுப்பில் தமிழில் பேசுக.